‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்

ஜூன் 3

அன்புள்ள வாண்டு,

கறுப்பு ஜிப் கட்டுக்கு அடியில் இந்தக் கடிதம் இருந்திருக்கும். பயப்படாதே, டெய்லரம்மாவிடம் சொல்லித்தான் வைத்தேன். ஒன்பது வருடமாக அவர் கடைக்குப் பொத்தானும் நூலும் லைனிங்கும் நான்தான் அனுப்புகிறேன். பார்சலைப் பிரிப்பது அவர் ஒருவர்தான். வாயும் கெட்டி.

மூன்று வாரமாக உன் போனை மாப்பிள்ளைதான் எடுக்கிறார். “குளிக்கிறா அக்கா.” “தூங்குறா அக்கா.” “இப்பத்தான் மாடிக்குத் துணி எடுக்கப் போனா அக்கா.” ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்? நீ என்ன மீனா? அவர் பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் முதுகுவலியைக்கூட விசாரிக்கிறார். அதுதான் எனக்கு இடிக்கிறது. சரக்கைக் காட்டச் சொன்னால் ஒருவன் என் உடம்பை விசாரிக்கிறான் என்றால், சரக்கில் ஏதோ இருக்கிறது என்றுதான் இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது.

போன வாரம் நீ அங்கே சட்டைக்கு அளவு கொடுக்கப் போனபோது மாப்பிள்ளை வாசலிலேயே நின்றாராமே? டெய்லரம்மா, “உள்ள வந்து உட்காருங்க தம்பி” என்று சொன்னதற்கு, “இருக்கட்டும்மா, இங்கேர்ந்தே தெரியுது” என்றாராம். என்ன தெரிகிறது? தோள் அளவு எடுப்பதைப் பார்த்து அவர் என்ன செய்யப் போகிறார்?

அம்மா அப்பா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறேன் என்று நாலு வரி எழுது. இல்லை என்றால் அதையும் எழுது. இரண்டுக்கும் நடுவில் எதையாவது எழுதி என்னைத் தடவிக் கொடுக்காதே.

உன் அத்தான் விசாரித்தார். வழக்கம்போல வேனைத் துடைத்துக்கொண்டே.

அக்கா


ஜூன் 12

அக்கா,

டெய்லரம்மா கடையில் உடுத்திப் பார்க்கத் திரை கட்டிய மூலை இருக்கிறதே, அதற்குள் நின்று எழுதுகிறேன். தாள் கேட்டேன், அளவு வரைந்து துணி வெட்டும் பழுப்புத் தாளில் கொஞ்சம் கிழித்துக் கொடுத்தார். உன் மாப்பிள்ளை எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு டீக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீ நினைப்பது போல் இல்லை. எனக்கு அடிக்கடி தலைவலி வருகிறது, போன் வெளிச்சம் ஆகாது என்று அவர்தான் வாங்கி வைத்துக்கொள்கிறார். கண்ணாடிக் கடைக்கு இப்போது காலையில் மட்டும் போகிறேன். நாள் முழுக்க நின்று ஊராருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டால் எனக்கும் கால் வலிக்காதா? முதலாளியிடம் அவரே வந்து பேசினார். ஆம்பளை ஒருத்தர் இப்படிப் பெண்டாட்டியின் கால்வலியைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை என்று முதலாளியே சொன்னார்.

அடித்தாரா என்று நீ கேட்கப் போகிறாய். ஒரு தடவைகூட இல்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை.

பக்கத்து வீடுகளில் என்னென்னவோ கேட்கிறது அக்கா. அதையெல்லாம் பார்த்தால் நான் கொடுத்து வைத்தவள். என் மேல் அவருக்கு உயிர். அது கொஞ்சம் அதிகமாகப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே டெய்லரம்மா கடைக்குப் போன் செய்யாதே. மணி அடித்தால் யார் என்று கேட்பார்.

டீ முடிந்துவிட்டது.

வாண்டு


ஜூன் 19

வாண்டு,

நடுவில் எழுதாதே என்றேன், நடுவில்தான் எழுதியிருக்கிறாய். ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லிலேயே என் கண் நின்றது. அதை ஒருத்தி எப்போது சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

சண்டைக்கு வரவில்லை. என் கடைக் கதை ஒன்று சொல்கிறேன், கேள்.

நூல் ஏஜெண்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார். உனக்கும் தெரியும், எப்போதும் வெள்ளைச் சட்டை, உனக்குப் பேனா கொடுப்பார். என் பிறந்த நாள் ஞாபகம் வைத்திருப்பார். மழை பெய்தால் போன் செய்து, “கடைக்குள்ள தண்ணி வரலையேம்மா?” என்பார். இவரைப் போல ஒருத்தர் உண்டா என்று நானே அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள், “இந்த லாட்ல சிவப்புச் சாயம் போகுது, வேண்டாம்” என்றேன். மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனவர் இரண்டு மாதம் வரவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வார். பிறகு ஒரு நாள் வந்து, “உங்களுக்காக எவ்வளவு செஞ்சிருக்கேன்” என்று ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் புரிந்தது, அந்த விசாரிப்பெல்லாம் இனாம் இல்லை.

இன்னொருவர் எலாஸ்டிக் கொண்டு வருவார். முகத்தில் சிரிப்பே கிடையாது. என் பெயர்கூட அவருக்குத் தெரியுமோ என்னவோ. “வேண்டாம்” என்றால், “வேண்டாமா? சரி” என்று போவார். அடுத்த வாரம் அதே மூஞ்சியோடு வருவார். பதினேழு வருடமாக வருகிறார்.

ஆளைப் பார்க்க வேண்டுமானால் நீ ‘சரி’ சொல்லும்போது பார்க்காதே. ‘சரி’ என்றால் எல்லாரும் தங்கம்தான். சின்னதாக ஒரு ‘வேண்டாம்’ சொல்லிப் பார். பெரியதாக வேண்டாம். நாளைக்கு வேலைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வருவார் இல்லையா, “வேண்டாம், நான் நடந்தே போறேன்” என்று சொல். அப்புறம் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுது. ஏன் அப்படிச் செய்தார் என்று எழுதாதே. உனக்கு அந்த ‘ஏன்’ எழுத நன்றாக வருகிறது, அதுதான் இங்கே தொல்லை. என்ன செய்தார், எவ்வளவு நேரம், எத்தனை நாள். அது போதும்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

சொன்னேன்.

“சரி” என்றார். சிரித்துக்கொண்டேதான். நான் தெருமுனை திரும்பியபோது பின்னால் வண்டிச் சத்தம். என் நடைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார், இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி. ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. இருபத்தைந்து நிமிடம். பழக்கடைக்காரி பார்த்துவிட்டு, “என்னா பாசம் பாரு!” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, நடுத்தெருவில்?

அதற்குப் பிறகு நான்கு நாள் பேசவில்லை. நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. நான் ஒரு அறையில் இருந்தால் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். முகத்தில் கோபமே இல்லை. மூன்றாம் நாள் நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து அவரே என் காலில் மாட்டிவிட்டார். “நடக்கணும்னா நல்ல செருப்பு வேணும்ல?” என்றார்.

நீ ‘ஏன்’ எழுதாதே என்றாய். ஆனால் இதை எழுதாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். அந்தச் செருப்பை மாட்டியபோது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். இந்த மூன்று வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் குறைவு. அவர் சிரித்தால் எனக்கு இப்போதும் பிடிக்கிறது அக்கா. கல்யாணத்துக்கு முன்னால், கண்ணில் ஒரு குறையும் இல்லாமல் ஒரே வாரத்தில் மூன்று தடவை எங்கள் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்து நின்றாரே, அந்த ஆளாகத்தான் அப்போது தெரிகிறார்.

நீ கேட்ட மற்றதெல்லாம் கீழே. ஊரில் காலியாக இருக்கும் வீட்டுச் சாவியெல்லாம் வீட்டு புரோக்கரான அவர் பையில் தொங்குகிறது. எங்கள் வீட்டுக்கு ஒரே சாவி, அதுவும் அந்தப் பையில். அவர் வெளியே போனால் ‘பாதுகாப்புக்கு’ வெளியில் பூட்டுகிறார். கண்ணாடிக் கடையில் என் கூட வேலை செய்யும் பெண் கல்யாணத்துக்கு அழைத்தாள். அவள் பார்வை சரியில்லை என்றார், போகவில்லை. போனில் உன் நம்பரை ‘அக்கா’ என்று வைத்திருந்தேன், அதை ‘கடை’ என்று மாற்றியிருக்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் புதுக் கண்ணாடிக்கு பிரேம் பார்ப்பவர்கள் பழைய கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிவிட்டால் எதிரே இருக்கும் கண்ணாடியில் தங்கள் முகமே தெரியாது. அதனால் கூட வந்தவரைத்தான் கேட்பார்கள், “எப்படி இருக்கு?” என்று. எனக்கு இவரைப் பிடித்திருந்த நாளில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்று “நல்லா இருக்கு” என்று சொன்னது நீ. உன் கடையில் ஏணி ஏறி இரண்டு பெட்டி எடுத்துக் கொடுத்தார், அந்தப் பணிவுக்கே நீ விழுந்துவிட்டாய்.

குற்றம் சொல்லவில்லை. சொல்கிறேனோ என்னவோ.

வாண்டு


ஜூலை 13

வாண்டு,

நேற்று உன் வீட்டில் அவரை வைத்துக்கொண்டு உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொல்லாமல் வந்ததற்கு முறைத்தாய், பார்த்தேன். சொல்லிவிட்டு வந்தால் நீ தடுப்பாய். உன் ஏணிப் பெட்டி வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பார்த்துக் கொடுத்த சரக்கு, நான்தான் திருத்த வேண்டும். பேச வேண்டியதைப் பேசி முடித்தாயிற்று.

எத்தனையோ பேரை உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன், இப்படி ஒரே அமர்வில் இறங்கி வந்தவரைப் பார்த்ததில்லை. நான் உன் பழுப்புத் தாளை எடுத்து வரி வரியாக வாசிக்க வாசிக்க அந்த மனுஷன் முகம் போன போக்கு! “ஐயோ அக்கா, இதெல்லாம் அவ மனசுல இருந்துச்சா? எனக்குத் தெரியாமப் போச்சே!” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, விரலால் தடவி, திருப்பிப் பார்த்து, பத்திரமாக மடித்து என்னிடமே கொடுத்தார். மனசாட்சி உள்ளவன்தான் அப்படிச் செய்வான்.

போன் உன் கையில், சாவி ஒன்று உனக்கு, வேலை முழு நேரம். மூன்றுக்கும் தலையாட்டினார். எழுதி வாங்கவில்லை, உறவு என்பதால் விட்டேன்.

வாசிக்கும்போது நீ ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. போகப் போகச் சரியாகிவிடும். உனக்கு விவரம் போதாது, அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

போன் உன்னிடம் வந்துவிட்டதால் இனிமேல் கடிதம் தேவைப்படாது. இது கிடைத்ததும் கூப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்கா,

நீ கூப்பிடச் சொன்னாய். கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நன்றாக இருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பதினோரு தடவை சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நீ, “பாத்தியா, நான் சொல்லலை?” என்றாய். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நீ போட்ட ஒப்பந்தம் அப்படியே நடக்கிறது. போன் என் கையில்தான். மணிக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார், மூன்றாவது ரிங்குக்குள் எடுக்க வேண்டும். சாவி கொடுத்தார். ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் அதை என் உள்ளங்கையில் வைத்து, “உங்க அக்கா கேட்ட சாவி” என்கிறார். கதவிலேயே பதித்த பூட்டு, உள்ளிருந்தும் திறக்கலாம்; ஆனாலும் அதைப் போட்டுத் திறக்க எனக்குக் கை வரவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாது, அப்படித் தெரியாமல் வைத்திருப்பதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். வேலைக்கு முழு நேரம் போகலாம் என்றார். அடுத்த வாரமே கடைக்குப் போய், “அவளுக்கு மனசு சரியில்லை, அவங்க அக்காவே வந்து பார்த்துட்டுப் போனாங்க” என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டார். உன் பெயரைச் சொல்லித்தான்.

அந்தத் தாளைத் தடவிப் பார்த்தாரே, மனசாட்சி என்று எழுதினாய். துணி வெட்டும் தாள் அக்கா அது! ஊரில் அந்தத் தாள் எந்தக் கடையில் இருக்கும்? நாள் முழுக்கத் தையல் சாமான் விற்கிறவள் நீ, உனக்குத் தோன்றவில்லையா? உன் அந்தக் கடிதத்தை வாங்கி வந்ததோடு டெய்லரம்மா கடை எனக்கு மூடியாயிற்று.

இப்போது எப்படி எழுதுகிறேன் என்று கேட்பாய். எல்லா ஜன்னலுக்கும் கனமான திரை தைக்கச் சொல்லியிருக்கிறார். அவரே போய் டெய்லரம்மாவை அழைத்து வந்தார். “எங்க வீட்டு விஷயமெல்லாம் தெரிஞ்சவங்க நீங்க, நீங்களே தைச்சுடுங்க” என்று சிரித்துக்கொண்டே. டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை டெய்லரம்மா பிடிக்க, ஜன்னல் ஜன்னலாக அளவு நடக்கிறது. டெய்லரம்மாவுடைய அளவு நோட்டு சமையல் மேடையில் கிடக்கிறது. இதை அதற்குள் வைப்பேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. நீ சொன்னபடி, யார் என்ன சொன்னார்கள் என்று மனசுக்குள்ளேயே ஒரு பட்டியல் போட்டேன். ‘உனக்கு விவரம் போதாது.’ ‘நான் பார்த்துக்கறேன்.’ ‘உன் நல்லதுக்குத்தான்.’ ‘சொல்லிட்டு வந்தா நீ தடுப்பே.’ பாதி வாக்கியம் அவருடையதா உன்னுடையதா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

நான் படிக்கும்போது கடையைப் பூட்டிவிட்டு வந்து கல்லூரி வாசலில் நிற்பாயே. மழையில்கூட. நாலு மணிக்கு வகுப்பு முடிந்தால் மூன்றரைக்கே நிற்பாய். தோழிகளோடு ஒரு நாள் டீ குடிக்கப் போனேன் என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை நீ. பிறகு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாய். அதனால் ஒருவர் என் கடை வாசலில் மழையில் மூன்று மணி நேரம் நின்றபோது, இது என்ன என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்குத் தெரிந்த அன்பு அப்படித்தான் இருந்தது.

இனிமேல் எனக்காக எதையும் செய்யாதே.

வாண்டு


செப்டம்பர் 9

வாண்டு,

சமையலறைத் திரையின் கீழ் மடிப்பில் இதை வைத்துத் தைத்துத் தருவதாக டெய்லரம்மா சொன்னார். கனமான துணி, காகிதம் இருப்பது தெரியாது; மாட்ட வரும்போது உனக்குச் சைகை காட்டுவாராம்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நின்றவளையும் பூட்டி வைக்கிறவனையும் ஒரே தட்டில் வைப்பாயா என்று நாலு பக்கம் எழுதினேன். அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “பொண்ணு சரியாத்தான் சொல்றா” என்றார். “என்ன சரியா சொல்றா?” என்று எகிறினேன். “நான் டீக்கடையில பத்து நிமிஷம் கூடுதலா இருந்தா எத்தனை போன் வருது தெரியுமா? வேன்ல பிரேக் பிடிச்சு பிடிச்சு எடுக்கறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக அந்த மனுஷன் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வதால் நான் கேட்டதில்லை.

நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

என் தவறு என்ன என்று யோசித்தேன். வியாபாரத்தில் எதிராளி முகத்துக்கு நேரே குறையை எடுத்து வைத்தால் அவன் வழிக்கு வருவான், அது எனக்குக் கைவந்தது. ஆனால் அங்கே பேசி முடித்ததும் அவன் வீட்டுக்கு அவன் போவான், என் வீட்டுக்கு நான் வருவேன். அன்றைக்கு நான் மட்டும்தான் எழுந்து வந்தேன். நீ அங்கேயே இருந்தாய். இது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. அவர் தலையாட்டியதும் நான் ஜெயித்துவிட்டேன் என்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தேன்.

ஏணிப் பெட்டியும் உண்மை. என்னை அவர் புகழ்ந்தார், எனக்குப் பிடித்தது. பிடித்த பிறகு நான் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. சரக்கை வெயிலில் நீட்டிப் பார்க்காமல் வாங்கியதே கிடையாது, என் தங்கையைக் கொடுத்ததில் மட்டும் அதைச் செய்யவில்லை.

கல்லூரி வாசலில் நின்றது பயத்தில். உன்னையும் இழந்துவிடுவேனோ என்று. பயம் என்பதால் அது சரியாகிவிடாது, இப்போது தெரிகிறது. அவருக்கும் ஏதோ பயம் இருக்கும். அதை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நீ அதற்குள் குடியிருக்க முடியாது.

என்னிடம் நூறு யோசனை இருக்கிறது. ஒன்றைக்கூட எழுதவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? அதை மட்டும் சொல். நீ சொல்கிற வரைக்கும் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். உனக்கு நம்பிக்கை வராது, தெரியும்.

அக்கா


அக்டோபர் 2

அக்கா,

சமையலறைத் திரை ஒரு சாண் கூடுதலாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். இல்லை, சரியாகத்தான் இருந்தது. “குடு, நானே கொண்டு போய்க் குறைச்சு வாங்கிட்டு வர்றேன்” என்றார். ஆக, அதே மடிப்பில் வைக்கும் இந்தக் கடிதத்தை டெய்லரம்மாவிடம் கொண்டு சேர்க்கப் போவது உன் மாப்பிள்ளைதான். கொஞ்சம் சிரித்துக்கொள். நான் சிரித்தேன், குழாயைத் திறந்துவிட்டு.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டு நாளாகிவிட்டது. பதில் யோசிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

கண் பரிசோதனைப் படிப்புச் சான்றிதழ் உன் இரும்பு பீரோவில் இருக்கும். அதை நூல்கண்டுப் பெட்டியில் வைத்து டெய்லரம்மாவுக்கு அனுப்பு. கூடக் கடிதம் வைக்காதே, துணி வைக்காதே, அறிவுரை வைக்காதே.

நான் போகப் போகிறேன். எந்த நாள் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், எந்த ஊர் என்றும் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன். கோபத்தில் இல்லை. அவர் முதலில் வரும் இடம் உன் கடைதான். வந்து அழுவார். பேரத்தில் உன்னை யாரும் அசைக்க முடியாது, அழுகிறவர் முன்னால் நீ ஒரு நிமிடம் நிற்க மாட்டாய். உனக்குத் தெரியாததை உன்னிடமிருந்து யாரும் வாங்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. உன் வீட்டுக்கு வந்தால் நான் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு வந்தவளாக இருப்பேன். நீ மாறியிருக்கலாம், எனக்கு இப்போது அதைப் பரிசோதிக்கத் தெம்பு இல்லை.

அவரை வெறுத்துவிட்டேனா என்று கேட்பாய். இல்லை. வெறுப்பு வரட்டும், வந்ததும் போகலாம் என்று ஒரு வருடம் காத்திருந்தேன், அது வரவில்லை. பிடித்துத்தான் இருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். இப்போதும் இதோ, தெருவில் யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிறார், சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது. சரி செய்யக் கை போகிறது.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பூட்டுக்கு உரியதுதானா என்றுகூடத் தெரியாது.

வாண்டு


நவம்பர் 11

வாண்டு,

சாவி பொருந்தியிருக்கிறது. நீ எங்கே என்று தெரியாவிட்டாலும் அது தெரிந்துவிட்டது, அவர் உன்னைத் தேடி என் கடைக்கு வந்துவிட்டார்.

இதை அத்தான் சட்டைப் பைக்குள் வைத்து டெய்லரம்மாவிடம் கொடுப்பார். அவர் உன்னிடம் சேர்ப்பாரோ மாட்டாரோ, நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கும்போதே நின்றுகொண்டிருந்தார். மூன்று நாள் தாடி. “அக்கா, அவ எங்கே?” என்றார். “தெரியாது” என்றேன். கடை வைத்த நாளிலிருந்து ஆயிரம் பேரிடம் ‘தெரியாது’ சொல்லியிருக்கிறேன். எந்தக் கம்பெனி சரக்கு, எங்கே வாங்கினீர்கள், அடுத்த கடைக்காரர் என்ன விலை போடுகிறார் என்று கேட்டவர்களிடம். அத்தனையும் பொய். நான் உண்மையாகச் சொன்ன முதல் ‘தெரியாது’ இதுதான். அதை அவர் நம்பவில்லை.

அழுதார். நீ சொன்னது சரி, எனக்கு உள்ளே கரைந்துவிட்டது. “நான் என்ன அக்கா கொடுமை பண்ணினேன்? ஒரு நாள் கை நீட்டியிருக்கேனா? அவளைத் தவிர எனக்கு யார் இருக்கா?” என்று கேட்டபோது, என் வாயில் என்னவெல்லாமோ வந்தது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் வாண்டு. மறைக்காமல் எழுதுகிறேன், சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமையும் வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு, கடைக்குள் எல்லாம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். “போங்க மாப்ள, வேலை வெட்டி இல்லையா?” என்றேன். “இருக்கட்டும் அக்கா, நான் தொந்தரவு பண்ணலையே” என்றார். தொந்தரவே செய்யவில்லை. போலீஸில் போய் என்ன சொல்வேன், சொந்தக்காரர் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றா? புதன்கிழமை ஒரு வாடிக்கையாளருக்கு ஏணி ஏறிப் பெட்டி எடுத்துக் கொடுத்தார். “புது ஆளா? நல்ல தன்மையா இருக்காரே” என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். பார்சல் கட்டினால் விலாசத்தை வாசிக்கிறார். போன் அடித்தால் என் முகத்தைப் பார்க்கிறார். சாயங்காலம் ஷட்டரை இழுத்து மூட அவர்தான் கை கொடுக்கிறார்.

‘வேண்டாம்’ சொல்லிப் பார் என்று உனக்கு எழுதினேனே. எனக்கு எத்தனை வழி இருக்கிறது! என் கடை, என் தெரு, கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள், அத்தான் வேனோடு நிற்கிறார். இவ்வளவு இருந்தும் எட்டு நாளாக அந்த முக்காலியை என்னால் எடுக்க முடியவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்போது இன்றைக்கு எந்த முகத்தோடு இருப்பாரோ என்று யோசித்துக்கொண்டே தலை வாருகிறேன்.

இன்று மத்தியானம் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தேன். குடம் கடைக்குப் பின்னால் இருக்கிறது, உனக்குத் தெரியும். நாலு எட்டு.

“எங்கே போறீங்க அக்கா?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“தண்ணி குடிக்க” என்றேன். சொல்லிவிட்டு, அவர் தலையாட்டும் வரை நின்றேன்.

அக்கா